என் வீடுதாம்மா, திறங்க

"என் வீடுதாங்க" என்று சொல்லாமல் இதுவரை ஒருவரும் அந்தக் கடைக்கு வந்து கதவைத் திறக்கக் கூப்பிட்டதில்லை. வீட்டுக்குச் சொந்தக்காரன் அதைச் சொல்வான். திருடனும் அதையேதான் சொல்வான். சொல்லப்போனால் திருடனின் குரல் இன்னும் கொஞ்சம் இனிமையாகவே இருக்கும். இதை எத்தனை விதமாக எடுத்துச் சொன்னாலும் தன் புருஷன் மண்டையில் ஏறவில்லையே என்பதுதான் சாவிக்காரியின் தீராத தலைவலி.

கடை என்று பெயர்தான். பழைய கட்டடம் ஒன்றின் மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும் முக்கோணமான இடம். சுவர் முழுக்க ஆணியடித்து, வெட்டாத சாவிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். வாசலை ஒட்டிச் சாவி வெட்டும் மெஷின். அதன் முன்னால் முக்காலியில் அவள். மெஷின் ஓட ஓடப் பித்தளைத் தூள் பறந்து தலையில் படியும். வீட்டுக்குப் போய்த் தலை வாரினால் சீப்பெல்லாம் மினுக்கும். சாவி வெட்டுவது அவள் வேலை. கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பூட்டைத் திறப்பது புருஷன் வேலை. இளவயதில் பீரோ செய்யும் பட்டறையில் பூட்டுப் பொருத்திக்கொண்டிருந்தவன் அவன். எந்தப் பூட்டும் அவன் கைக்குப் பணிந்துவிடும். ஆனால் "முடியாது" என்ற ஒரு சொல் மட்டும் அவன் வாயில் வரவே வராது.

பஸ்ஸை விட்டுவிட்டேன், ஒரு ஃபோன் பண்ணணும் என்று யாராவது வந்து நின்றால் தன் ஃபோனைக் கொடுத்துவிடுவான். வாங்கியவன் பேசிக்கொண்டே நடந்து தெருமுனை திரும்பி மறைந்த பிறகும், "சிக்னல் கிடைக்கலை போல, அதான் தள்ளிப் போறான்" என்று வழி பார்த்துக்கொண்டு நிற்பான். ஒருமுறை யாரோ ஒருத்தி ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டாள். வழி சொன்னால் போதாதா? கூடவே போனான். போனவன் அவளுடைய மாமியாருக்கு ரத்தமும் கொடுத்துவிட்டு, முகம் வெளுத்துப்போய்க் கடைக்குத் திரும்பினான்.

"யாரு அவங்க?" என்று கேட்டாள் சாவிக்காரி.

"தெரியாது. பாவம்."

இந்தப் "பாவம்" என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு உடம்பெல்லாம் எரியும். ஊரில் இருக்கிற பாவமெல்லாம் விலாசம் விசாரித்துக்கொண்டு தன் கடைக்கு மட்டும் வருவானேன் என்று நினைத்துக்கொள்வாள்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். பளிச்சென்று துவைத்த சட்டையோடு ஒருவன் வந்தானே, அவன்தான் எல்லாவற்றையும் மாற்றினான். கையில் பழப்பை, வாய் நிறைய "அண்ணே". பெண்டாட்டி ஊருக்குப் போனவள் சாவியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாளாம். அன்று அவள் கடையில் இல்லை. புருஷன் போய்த் திறந்துவிட்டு, அந்த ஆள் கொடுத்த பழத்தைத் தின்றுகொண்டே திரும்பி வந்தான். அது அந்த ஆளின் அண்ணன் வீடு. அண்ணன் தம்பிக்குள் ஏதோ தீராத பகை. ஊரிலிருந்து வந்த அண்ணன் பார்த்தால் டி.வி. இல்லை, பீரோ இல்லை, அடுப்பைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருந்தான் தம்பி. போலீஸ் நேரே சாவிக்கடைக்கு வந்தது.

பகல் முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். விஷயம் கேள்விப்பட்டு அவள் ஓடியபோது இன்ஸ்பெக்டர் அவனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்: "முன்னப் பின்னத் தெரியாதவன் சொன்னான்னு திறந்துடுவியா? உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இதைத்தான் சார் நானும் கேட்டுட்டிருக்கேன்" என்றாள் சாவிக்காரி. இன்ஸ்பெக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில்தான் அவனை வெளியே விட்டார்கள் என்று புருஷன் இன்றைக்கும் சொல்வான்.

அன்றோடு கடைக்கு ஒரு சட்டம் வந்தது. யார் வந்து கூப்பிட்டாலும் முதலில் அவளிடம் பதில் சொல்லியாக வேண்டும். அவள் தலையை ஆட்டினால்தான் புருஷன் பையைத் தூக்கலாம். கதவைத் திறந்ததும் முதலில் என்ன தெரியும், கரண்ட் மீட்டர் எங்கே இருக்கிறது, எதிர்வீட்டில் யார், வாசல் விளக்குக்கு ஸ்விட்ச் உள்ளேயா வெளியேயா என்று அடுக்குவாள். கடைத்தெருவில் அவளுக்குக் "கேள்வியம்மா" என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

கேள்வி கேட்பதில் அவளுக்குக் கஷ்டமில்லை. கேட்டதும் எல்லோருக்கும் மூக்குக்கு மேல் கோபம் வருகிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. டை கட்டிய ஒருவர், எதிர்வீட்டுக்காரர் பெயரைக் கேட்டதும் விழித்தார். எத்தனை வருஷமா இருக்கீங்க என்றால், மகன் பிறந்ததிலிருந்து என்கிறார். மகன் காலேஜ் படிக்கிறானாம். "எதிர்வீட்டுப் பேரு தெரியாதுன்னா நான் திருடனா?" என்று குதித்தார். "நான் அப்படிச் சொன்னேனா சார்?" என்றால், "நீங்க பூட்டைத் திறக்கிறவங்களா, கோர்ட்டா?" என்று கத்திவிட்டுப் போனார்.

இன்னொரு நாள் ஈரத்தலையோடு, வீட்டுச் செருப்போடு ஒரு சின்னப் பெண் வந்தாள். காற்றில் கதவு சாத்திக்கொண்டதாம். அடையாள அட்டை உள்ளே, ஃபோன் உள்ளே, குடி வந்தே கொஞ்ச நாள்தானாம், யாரையும் தெரியாதாம். "வீட்டு ஓனரையாவது கூட்டிட்டு வாம்மா" என்று அனுப்பினாள். அழுதுகொண்டே போனவள் திரும்பி வரவில்லை. பொய் சொன்னதால் வரவில்லையா, மனம் நொந்து வேறு கடைக்குப் போனாளா? யார் வந்து சொல்லப்போகிறார்கள்? நல்லவர்களைத் துரத்தினாளா, கெட்டவர்களைத் துரத்தினாளா என்று ஒருநாளும் தெரியப்போவதில்லை. ஆனால் திட்டு மட்டும் தவறாமல் கிடைத்துக்கொண்டிருந்தது. என்ன பிழைப்பு இது!

அப்படி ஒரு நாள், வெயில் ஏறி நிற்கும் நேரத்தில் பெரியவர் ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய நரைமுடி, கையில் மடித்த குடை. நின்ற தோரணையே ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியரைப் போல இருந்தது.

"கதவைச் சாத்திட்டு வெளிய வந்துட்டேன்மா. சாவி உள்ளயே மாட்டிக்கிச்சு. வந்து திறக்கணும்" என்றார்.

"யாரு வீடுங்க?"

"என் வீடுதாம்மா."

புருஷன் அதற்குள் பையில் கையை வைத்துவிட்டான். அவள் ஒரு முறை முறைத்தாள். கை தானாக விலகியது.

"தப்பா நினைக்காதீங்கய்யா. கொஞ்சம் கேள்வி கேப்பேன்" என்றாள், திட்டு வாங்கத் தயாராக.

"தாராளமா கேளும்மா. கேக்காம எப்படித் திறப்பே? நாளைக்கு ஒரு களவாணிப்பய வந்து நின்னா?" என்றார் பெரியவர்.

அவள் ஓடிக்கொண்டிருந்த மெஷினையே நிறுத்திவிட்டாள். இத்தனை வருஷத்தில் இப்படிச் சொன்ன முதல் மனிதர்! முக்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள். அவர் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னார். இரும்பு கேட்டைச் சும்மா தள்ளினால் திறக்காது, கொஞ்சம் தூக்கித் தள்ளணும். மீட்டர் பெட்டி வாசலுக்கு இடப்பக்கம். அதன் மூடி உடைந்து, கம்பி போட்டுக் கட்டியிருக்கும். மழைத்தண்ணீர்க் குழாயை ஒட்டிக் கொஞ்சம் செங்கல் பெயர்ந்திருக்கும். பக்கத்து வீட்டில் தையல்காரர். இந்நேரம் கடையில் இருப்பார். கதவைத் திறந்தால் நேரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே கொய்யா மரம்.

ஒரு பதிலிலும் தடுமாற்றம் இல்லை. அவளுக்கே மனம் இளகிவிட்டது.

"நானும் வர்றேன். கடையைச் சாத்துங்க" என்றாள்.

புருஷன் நம்பமுடியாமல் பார்த்தான். "நீயே நம்பிட்டியா?"

"நான் விசாரிச்சுட்டு நம்புறேன். உங்களை மாதிரியா?"

வீடு வெகுதூரமில்லை. குறுகலான தெரு, இரண்டு பக்கமும் நெருக்கிக் கட்டிய வீடுகள். பெரியவர் முன்னால் நடந்தார், வழி தேடவே இல்லை. கேட்டைத் தூக்கித் தள்ளினார், திறந்தது. மீட்டர் பெட்டியில் கம்பிக் கட்டு இருந்தது. செங்கல் பெயர்ந்திருந்தது. தையல்காரர் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. அப்போது காய்கறித் தள்ளுவண்டிக்காரர் ஒருவர் அந்தப் பக்கமாக வந்தவர், பெரியவரைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி, "என்னய்யா, நல்லா இருக்கீங்களா? பாத்து ரொம்ப நாளாச்சு!" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

"பாத்தீங்களா? சாட்சியே வந்தாச்சு" என்றாள் சாவிக்காரி புருஷனிடம். ரொம்ப நாளாச்சு என்று சொன்னாரே, அந்தப் பாதியை அவள் காது வாங்கவில்லை. பின்னால் எத்தனையோ நாள் அதை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

புருஷன் கம்பியை நுழைத்துப் பார்த்து, "பூட்டு புதுசா இருக்கேய்யா?" என்றான்.

பெரியவர் குனிந்து பார்த்தார். "பையன் மாத்தியிருப்பான். என்கிட்ட எங்க சொல்றான்?" என்றார். அவளும் பிள்ளை பெற்றவள்தானே. அதுவும் நியாயமாகவே பட்டது.

பூட்டு திறந்தது. பெரியவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு உள்ளே போனார். நேரே ஜன்னல் இருந்தது, ஜன்னலுக்கு வெளியே கொய்யா மரமும் இருந்தது. மற்றது எதுவும் சரியில்லை. கூடத்தில் குட்டிச் சைக்கிள் ஒன்று சாய்ந்து கிடந்தது. சுவரில் குழந்தை கிறுக்கிய யானைப் படம். கொடியில் சின்னச் சின்னச் சட்டைகள்.

"பேரக் குழந்தைங்க இருக்காங்களாய்யா?" என்று கேட்டாள் சாவிக்காரி. 

"பேரனா? பையனுக்கு இன்னும் பொண்ணே பாக்கலையேம்மா." பெரியவர் கூடத்து நடுவில் நின்று நாலாபக்கமும் பார்த்தார். "யாரு இந்த நாற்காலியை இங்க போட்டது? என் கட்டில் எங்க?" பிறகு உள்ளறைப் பக்கம் திரும்பி, "ஏய், இங்க வா! வீட்டை என்ன பண்ணி வெச்சிருக்கே?" என்று குரல் கொடுத்தார். உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. அடுக்களை வாசலில் நின்ற துணி துவைக்கும் மெஷினைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் அந்த நாற்காலியிலேயே மெல்ல உட்கார்ந்துவிட்டார்.

சாவிக்காரி புருஷன் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள்.

"இது அவரு வீடு இல்லைங்க. முன்னாடி எப்பவோ இருந்திருக்காரு. நினைவு தப்பிப்போச்சு மனுஷனுக்கு. வாங்க, அவரைக் கூட்டிட்டு, பூட்டிட்டுப் போயிடலாம்."

"ஐயா, வாங்க, போலாம்" என்றான் புருஷன்.

"எங்க போறது? வீட்டுக்கு வந்தவனை எங்கய்யா கூப்பிடுறே?" என்றார் பெரியவர். "உட்காருங்க ரெண்டு பேரும். தண்ணி குடிச்சுட்டுப் போங்க."

அந்த நேரம் பார்த்துத்தான் கேட் கிறீச்சிட்டது. கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்க, கையில் பிரிக்காத சாப்பாட்டுப் பையோடு, அரைநாள் லீவு போட்டு வந்து வாசலில் நின்றாள் அந்த வீட்டுக்காரப் பெண். ஒரு கணம் மூவரையும் பார்த்தாள். அடுத்த கணம் அவள் போட்ட சத்தத்தில் கொய்யா மரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன.

"யாரு நீங்கல்லாம்? என் வீட்டுல என்ன பண்றீங்க?"

"சாவிக்கடைக்காரங்கம்மா நாங்க..."

"உங்களை யாரு கூப்பிட்டது?"

சாவிக்காரி பெரியவரைக் கைகாட்டினாள்.

"இவரு யாரு?"

"தெரியாதும்மா."

"முன்னப் பின்னத் தெரியாதவர் சொன்னாருன்னு என் வீட்டைத் திறந்துடுவீங்களா? உங்களுக்கு மூளை இருக்கா?"

இன்ஸ்பெக்டர் கேட்ட அதே கேள்வி, இந்தத் தடவை அவளைப் பார்த்து. புருஷன் அவள் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டான். சிரிக்கவில்லை. அதற்காக மட்டும் அவனை மன்னித்துவிடலாம் என்று தோன்றியது அவளுக்கு.

"நாங்க திருடங்க இல்லம்மா, சத்தியமா" என்றாள். சொன்னவுடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டாள். இந்த வார்த்தையைத் தன் கடை வாசலில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள். ஒரு தடவையாவது அதை அவள் காதில் போட்டுக்கொண்டாளா?

"திருடங்க எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க" என்றபடி அந்தப் பெண் ஃபோனை எடுத்தாள். "போலீஸைக் கூப்பிடுறேன். யாரும் நகரக் கூடாது."

"கூப்பிடுங்கம்மா. இந்தாங்க, எங்க பை, எங்க ஃபோன். எல்லாத்தையும் நீங்களே வெச்சுக்குங்க. நாங்க எங்கயும் ஓடலை. இந்தப் பெரியவரை மட்டும் அதட்டாதீங்க. அவரு பொய் சொல்லலை. அவருக்கு இது அவரு வீடுதான்."

"என்ன உளர்றீங்க?"

அதுவரை சும்மா இருந்த பெரியவர் வாயைத் திறந்தார். "எதுக்கும்மா கத்துறே? வெயில்ல வந்திருக்கே, முதல்ல முகத்தைக் கழுவு. குளியலறைக் குழாயை மூடும்போது மட்டும், கடைசியில கொஞ்சம் மேல தூக்கிட்டுத் திருகணும். இல்லன்னா சொட்டிட்டே கிடக்கும்."

அந்தப் பெண்ணின் கை ஃபோனோடு அப்படியே நின்றது. குடி வந்த நாளிலிருந்து அந்தக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு பிளம்பர்கள் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு போனார்கள். அவள் பெரியவரின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"வீட்டை ரெஜிஸ்டர் பண்ணின அன்னிக்குக் கார்ல ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தாரு" என்றாள் மெதுவாக. "இறங்கவே மாட்டேன்னுட்டாரு. ஐயோ, இவருதானா அது?"

வீட்டை விற்ற மகனின் நம்பர் அவளிடம் இருந்தது. கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், உங்ககிட்ட வீடு வாங்கினோமே, அங்கேருந்து பேசுறேன். உங்கப்பா இங்க வந்திருக்காரு."

"எங்கப்பாவா? அவரு வீட்டுல தூங்கிட்டிருக்காரு. யாருங்க நீங்க?"

"அதான் சொன்னேனே சார், வீடு வாங்கினவங்க..."

"ஓ! இப்ப இப்படிக் கிளம்பியிருக்கீங்களா? அடுத்து ஆக்சிடெண்ட்னு சொல்வீங்க, உடனே காசு அனுப்புன்னு சொல்வீங்க. வேற ஆளைப் பாருங்க." வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

சாவிக்காரி தன் ஃபோனிலிருந்து கூப்பிட்டாள். "தம்பி, நான் சாவிக்கடை வெச்சிருக்கேன்..." என்று ஆரம்பிப்பதற்குள், "ஒருத்தர் மாத்தி ஒருத்தரா? கும்பலா உட்கார்ந்துட்டிருக்கீங்களா?" என்று அவன் மறுபடி கத்திவிட்டு வைத்தான்.

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் போலீஸ் வரை போன விரோதம், இப்போது ஃபோனுக்கு அந்தப் பக்கம் இருந்தவன் மேல் திரும்பிவிட்டது.

"என்ன மனுஷன்!" என்றாள் வீட்டுக்காரப் பெண்.

"அவனைச் சொல்லி என்னம்மா? நானா இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்" என்றாள் சாவிக்காரி எரிச்சலோடு. அவளுக்கு இப்போது எல்லோர் மேலும் கோபமாக வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

புருஷன் தன் ஃபோனில் அந்த நம்பரைப் போட்டு, பெரியவர் கையில் கொடுத்தான். அவர் அதைக் காதில் வைத்தார்.

"டேய், சாவியை எங்கடா வெச்சே? வாசல்ல நின்னு நின்னு எனக்குக் கால் கடுத்துப்போச்சு. உங்கம்மாவையும் காணோம்."

 அந்தப் பக்கத்திலிருந்து, "அப்பா, அங்கயே இருங்கப்பா. நான் வர்றேன்" என்று கேட்டது. குரலே மாறிப்போயிருந்தது.

அவன் வந்து சேரும்வரை நால்வரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்காரப் பெண் தன் சாப்பாட்டைப் பிரித்துப் பாதியைப் பெரியவருக்கு வைத்தாள். ஆனாலும் தன் பீரோ இருக்கும் அறைக்கு முன்னால்தான் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். சாவிக்காரி அதைக் கவனித்தாள். சரியான பெண்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

மகன் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தான். வந்தவன் அப்பாவைத் தொட்டுப் பார்த்தான், மூச்சு விட்டான், பிறகு நேரே சாவிக்காரியிடம் திரும்பினான்.

"யாரு என்னன்னு விசாரிக்காம கதவைத் திறந்துடுவீங்களாங்க நீங்க?"

அவ்வளவுதான். காலையிலிருந்து அடக்கி வைத்தது, இல்லை, கடை வைத்த நாளிலிருந்து அடக்கி வைத்தது மொத்தமும் வெடித்தது.

"விசாரிச்சேன்யா! ஊரே என்னைக் கேள்வியம்மான்னு கேலி பண்ற அளவுக்கு விசாரிச்சேன்! விசாரிச்சா, என்னைத் திருடன்னு சொல்றியான்னு சண்டைக்கு வர்றாங்க. விசாரிக்காட்டி, மூளை இருக்கான்னு கேக்கறாங்க. உங்கப்பா நான் கேட்ட அத்தனைக்கும் பதில் சொன்னாரு தம்பி. மீட்டர் பெட்டியில கம்பி கட்டியிருக்கிறது வரைக்கும் சொன்னாரு. இந்தம்மாவைக் கேட்டிருந்தாக்கூட அதெல்லாம் தெரிஞ்சிருக்காது. இதுக்கு மேல நான் என்னத்தைய்யா விசாரிக்கிறது? நாங்க மாத்தி மாத்திக் கூப்பிட்டமே, நீ விசாரிச்சியா?"

மகன் வாசற்படியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அம்மா போனதிலிருந்து அப்பா இப்படித்தான் என்றான். தனியாக விடமுடியாது என்று வீட்டை விற்றுத் தன்னோடு கூட்டிப் போய்விட்டானாம். மனைவி துணி காயப்போட மாடிக்குப் போன நேரத்தில் இவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். யாரிடமும் வழி கேட்காமல் இவ்வளவு தூரம் எப்படி வந்தார் என்று அவனுக்கே புரியவில்லை.

"வாங்கப்பா, வீட்டுக்குப் போகலாம்."

"இதுதானடா வீடு."

கெஞ்சிப் பார்த்தான், கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். பெரியவர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் கட்டிவிட்டது. "எதுக்கு எல்லாரும் என்னை என் வீட்டை விட்டு விரட்டுறீங்க?" என்றார். வீட்டுக்காரப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போது சாவிக்காரியின் புருஷன் எழுந்துபோய்க் கதவிலிருந்த பூட்டைக் கழற்ற ஆரம்பித்தான். திருகாணிகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பூட்டைக் கையில் எடுத்து வந்து பெரியவர் முன்னால் நீட்டினான்.

"ஐயா, உள்ள ஸ்பிரிங் போயிடுச்சு. கடைக்குக் கொண்டுபோய்த்தான் ரிப்பேர் பண்ணணும். பூட்டு இல்லாத வீட்டுல எப்படிங்க இருப்பீங்க? அதுவரைக்கும் மகன்கூட இருங்களேன்."

பெரியவர் பூட்டைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பிறகு சாவிக்காரியின் பக்கம் திரும்பினார்.

"நிஜமாம்மா? நீ சொல்லு. நீ விசாரிக்காம எதையும் சொல்றவ இல்லை."

 பாழாய்ப்போன மனுஷன், இத்தனை பேர் இருக்கும்போது தன்னையா பார்த்துக் கேட்க வேண்டும்? பொய் சொல்கிறவர்களைக் கண்டுபிடிப்பதற்கென்றே முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பவள் அவள்.

"நிஜம்தாங்கய்யா" என்றாள். "ஸ்பிரிங் போயிடுச்சு."

"நீ சொன்னா சரி" என்று பெரியவர் எழுந்துகொண்டார். குடையை எடுத்துக்கொண்டு, வீட்டுக்காரப் பெண்ணிடம், "பாத்துக்கம்மா, கதவு திறந்து கிடக்கு" என்று சொல்லிவிட்டு மகனோடு நடந்தார்.

கார் போனதும் புருஷன் அதே பூட்டைத் திரும்பக் கதவில் மாட்டினான். பின்வாசல் தாழ்ப்பாளையும் சேர்த்துச் சரிசெய்து கொடுத்தான்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் அவனைத் திட்டிக்கொண்டே வந்தாள். என்ன தப்புக்காகத் திட்டுகிறாள் என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அப்புறம் கேள்விகளை விட்டுவிட்டாளா என்றால், அதுதான் இல்லை. புதிதாக ஒன்று சேர்ந்தது: "இப்பவும் அங்கதான் குடியிருக்கீங்களா?" இதற்கு வருகிற கோபம் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம். சிலர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டே போய்விடுகிறார்கள்.

சில வாரம் கழித்து ஒரு காலை, பெரியவர் மறுபடி கடை முன்னால் வந்து நின்றார். இந்த முறை கூடவே மருமகள். தூக்கமில்லாத கண்கள், கலைந்த தலை.

"தினம் எழுந்ததும் இதே பேச்சுதாங்க" என்றாள் மருமகள் தாழ்ந்த குரலில். "பூட்டு ரெடியாயிடுச்சான்னு கேக்கணுமாம். கூட்டிட்டு வரலைன்னா சாப்பிட மாட்டேங்கறாரு."

"என்னம்மா, ஆச்சா?" என்றார் பெரியவர்.

சாவிக்காரி புருஷனைப் பார்த்தாள். அவன் ஆணியில் தொங்கிய சாவிகளைத் துடைக்கத் தொடங்கியிருந்தான்.

"இன்னும் இல்லைங்கய்யா. பார்ட் வரணும்."

"என்ன பார்ட்?"

"அது... உள்ள இருக்கிற ஸ்பிரிங்."

"எங்கேருந்து வரணும்? யாருகிட்ட சொல்லி வெச்சிருக்கே? எப்ப வரும்னு கேட்டியா?"

ஒவ்வொன்றுக்கும் ஒரு பொய் தேவைப்பட்டது. ஒரு பொய்யை நிறுத்திவைக்க இன்னொன்றை முட்டுக் கொடுத்தாள். இல்லாத கம்பெனி, இல்லாத லாரி, அது வழியில் நின்றுபோன கதை. நெற்றியில் வியர்த்தது. கடைசியில் பொறுக்கமாட்டாமல் முக்காலியை விட்டு எழுந்து, அதை அவர் பக்கம் தள்ளினாள்.

"உட்காருங்கய்யா. ஏங்க, பழைய பூட்டு ஒண்ணைக் கழட்டிக் காட்டுங்க இவருக்கு. நீங்க ஆரம்பிச்சு வெச்ச பொய், நீங்களே பாத்துக்குங்க."

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். புருஷன் சந்தோஷமாகத் திருப்புளியை எடுத்தான். சாவிக்காரி மருமகளைப் பார்த்தாள். அந்தப் பெண் கடைக் கம்பத்தில் சாய்ந்து, நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, வெளி வேலை ஏதாவது இருந்தா முடிச்சுட்டு வா. அதுவரைக்கும் இவரு இங்க இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான், என்ன சொல்லித் தொலைத்தோம் என்று உறைத்தது. "கொஞ்ச நேரம்தான், சொல்லிட்டேன்! தினமெல்லாம் முடியாது!" என்று குரலை உயர்த்தினாள்.

மருமகள் அதற்குள் பாதித் தெருவைக் கடந்துவிட்டிருந்தாள்.